வாசலில் நாம் வைக்கும் விதிகள்

மதுரை–தேனி சாலையில் க.விலக்கு பிரிவில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து தெற்கே திரும்பும் சாலை கண்டமனூர், கடமலைக்குண்டு என்று வருசநாட்டை நோக்கிப் போகிறது. இலவமும் முந்திரியும் தென்னையும் விளையும் மூல வைகைப் பள்ளத்தாக்கு அது. அங்கே பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி பஸ் ஜன்னலிலேயே தெரிகிறது. ஆண்டிபட்டியிலும் வீரபாண்டியிலும் அரசு கலை அறிவியல் கல்லூரிகள், போடியில் அரசு பொறியியல் கல்லூரி, உத்தமபாளையத்தில் 1956 முதல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி என்று மாவட்டத்தில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. ஆனாலும் கல்லூரியில் சேர்வது கடமலைக்குண்டுப் பக்கத்துப் பிள்ளைக்கு இன்றும் லேசான காரியமாக இல்லை.

அடுத்த சேர்க்கைக்குத் தயாராகும் முதல்வர்களுக்கும், சேர்க்கைக் குழுவில் உட்காரும் ஆசிரியர்களுக்கும், அலுவலகப் பணியாளர்களுக்கும் இந்த இதழ் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறது. மாணவரை நிறுத்தும் விதிகள் இரண்டு வகை. சட்டமன்றமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் எழுதியவை ஒரு வகை. எங்கும் எழுதப்படாமல், நம் மேசையிலேயே பிறந்து, வழக்கம் என்ற பெயரில் நிலைத்துவிட்டவை இன்னொரு வகை. முதல் வகையை மாற்ற நமக்கு அதிகாரமில்லை. இரண்டாம் வகையை அடுத்த சேர்க்கைக்குள் நாமே எடுத்துவிட முடியும்.

எழுதிய விதிகள் தமிழ்நாட்டில் எத்தனை முறை அலசப்பட்டன என்பதை நாம் மறக்கக் கூடாது. பழைய சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை, மருத்துவ, பொறியியல் இடங்களைப் பதினான்கு பதினான்காகப் பிரித்துச் சாதி, மத வகுப்புகளுக்குக் கொடுத்தது. செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதே ஆண்டு, இடஒதுக்கீட்டுக்கு மீண்டும் வழிவிட்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. இன்று நம் இனச்சுழற்சிப் பட்டியலுக்கு அடிப்படையாக இருக்கும் 69 சதவீத இடஒதுக்கீடு 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நிற்கிறது.

ஊரை வைத்து இடம் கொடுக்கும் முயற்சிகளும் நடந்தன. மாவட்டவாரியாக எம்பிபிஎஸ் இடங்களைப் பிரித்த முறையை ராஜேந்திரன் வழக்கில் 1968-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. 1970-ல் பெரியகருப்பன் வழக்கில், கல்லூரிகளைத் தனித்தனி அலகுகளாகப் பிரித்துத் தேர்வு செய்த முறையும், 75 மதிப்பெண் வைத்திருந்த நேர்முகத் தேர்வை நடத்திய விதமும் தப்பவில்லை. உத்தரப் பிரதேச வழக்கொன்றில் பிறகு வந்த தீர்ப்பு நம் கவனத்துக்கு உரியது. கிராமத்தார் என்பதற்காக மட்டும் ஒதுக்கீடு கூடாது என்ற நீதிமன்றம், மலைப்பகுதி மக்களுக்கான ஒதுக்கீட்டை அவர்களுடைய சமூக, கல்விப் பின்னடைவைக் கருதி ஏற்றுக்கொண்டது. ஊரை வைத்து விதி செய்வதில் ஆபத்தும் உண்டு. இலங்கையில் 1970-களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் முறை, பல்கலைக்கழகத்தில் நுழையத் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டிய நிலையை உண்டாக்கியது. பின்தங்கியவருக்கு உதவி என்று சொல்லப்பட்ட விதி ஒரு தலைமுறைத் தமிழ் மாணவரின் மனத்தில் ஆறாத காயமாயிற்று.

நுழைவுத் தேர்வின் கதையும் நமக்குத் தெரியும். 1984-ல் தொடங்கிய தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை, ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் வந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் முடிவுக்குக் கொண்டுவந்தது. 2017 முதல் மருத்துவத்துக்கு நீட் கட்டாயமானது. அரசுப் பள்ளி மாணவர் மருத்துவ இடங்களில் எவ்வளவு அருகிப்போனார்கள் என்பதைக் கலையரசன் ஆணையம் எடுத்துக்காட்டிய பிறகு, 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீட்டை உறுதி செய்தது. படித்த பள்ளியின் தன்மையை அளவுகோலாக வைத்ததால், ஊரை வைத்த விதிகளுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை.

தேனி மாவட்டத்துக்கு அந்தச் சட்டத்தில் நேரடியான பலன் இருக்கிறது. அரசுப் பள்ளி என்பதற்குள் இங்குள்ள கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும், வனத்துறைப் பள்ளிகளும் அடங்கும். அதே சட்டம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு இடுக்கிக்குப் போன குடும்பத்தின் பிள்ளை ஆறாம் வகுப்பை அங்கே கேரளப் பள்ளியில் படித்திருந்தால், பிறகு ஆறு ஆண்டுகள் நம் அரசுப் பள்ளியில் படித்தாலும் அந்த ஒதுக்கீட்டுக்குள் வர முடியாது. பிழைப்புக்காக மலை ஏறி இறங்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. இதைத் திருத்த வேண்டியது அரசு. ஆனால் எந்தப் பிள்ளை எதனால் விடுபடுகிறது என்று அரசுக்கு எழுத வேண்டியவர்கள் அந்தச் சான்றிதழ்களைக் கையில் வாங்கிப் பார்க்கும் நாம்தான்.

இனி நம் மேசைக்கு வருவோம்.

அரசு கலை அறிவியல் கல்லூரியில் இளநிலைப் படிப்புக்கு எழுதிய தகுதி பெரிதாக ஒன்றுமில்லை. பிளஸ் டூ தேர்ச்சி, சில படிப்புகளுக்கு உரிய பாடம், அவ்வளவுதான். தமிழ்த் துறைக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்து ஒரு ரேங்க் லிஸ்ட், ஆங்கிலத் துறைக்கு ஆங்கில மதிப்பெண்ணை வைத்து ஒன்று, மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்து ஒன்று. 2020 முதல் விண்ணப்பம் இணையத்தில். ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். காகிதத்தில் பார்த்தால் இதைவிடத் திறந்த வாசல் இருக்க முடியாது.

நடப்பில் என்ன ஆகிறது? 2024-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். மே 6 அன்று பிளஸ் டூ முடிவு வந்தது. அன்றே விண்ணப்பம் திறந்தது. மே 20 கடைசி நாள் என்று அறிவிப்பு. அந்த இரண்டு வாரத்துக்குள் தற்காலிக மதிப்பெண் பட்டியலை இறக்கி, டிசி வாங்கி, சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் தேடி, இ-சேவை மையத்தில் நின்று, கல்லூரியும் பாடமும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வீட்டில் இதற்கு முன் கல்லூரிக்குப் போனவர் எவரும் இல்லை. விண்ணப்பத்தைப் போட்டுக்கொடுப்பவர் பிரவுசிங் சென்டர்க்காரர். அவசரத்தில் அவருடைய செல் எண்ணே விண்ணப்பத்தில் ஏறிவிடும். ரேங்க் வந்த செய்தியும் கலந்தாய்வுத் தேதியும் அவர் போனுக்குப் போகும். மாணவி ஊரில் இருப்பாள். செய்தி அவளிடம் வராது. கலந்தாய்வு நாளில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்று நாம் குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போவோம். பதிவேட்டில் அவள் “வரவில்லை” என்று இருப்பாள்.

அந்தக் குறிப்பு சரியானதல்ல. அவள் வரவில்லை என்பதைவிட, நாம் அவளை எட்டவில்லை என்பதே உண்மை. ஒரு போன் அடிக்க வேண்டும் என்று எந்த விதியும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அடிக்கக் கூடாது என்றும் எந்த விதியும் சொல்லவில்லை.

சான்றிதழ் விஷயம் இன்னும் கடினம். வருசநாட்டு மலைகளில் வாழும் பளியர் குடும்பத்துப் பிள்ளைக்கு எஸ்டி சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது. வருவாய்க் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ஆண்டிபட்டித் தாலுகாவுக்குக் கோட்டம் பெரியகுளம். விசாரணை, அறிக்கை, கையெழுத்து என்று மாதங்கள் ஓடும். நம் சேர்க்கை சில வாரங்களில் முடிந்துவிடும். இடஒதுக்கீட்டில் எஸ்டி பிரிவுக்கு உள்ளது ஒரு சதவீதம். அறுபது பேர் சேரும் வகுப்பில் அது முழுதாக ஓர் இடம்கூட இல்லை. கிடைத்தால் கிடைக்கும் அந்த ஒற்றை இடமும் ஆள் வரவில்லை என்றால் கடைசிச் சுற்றில் வேறு பிரிவினரைக் கொண்டு நிரப்பப்பட்டுவிடும். சான்றிதழுக்கு விண்ணப்பித்த ஒப்புகைச் சீட்டைப் பார்த்து, கால அவகாசம் கொடுத்து, முதல்வர் கல்லூரிக் கல்வி இயக்ககத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் வழி பிறக்கும். எழுதாமல் விட்டால் அந்த இடம் போனதுதான்.

கட்டணத்திலும் இதே கதை. அரசு ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேரும், வருமான வரம்புக்குள் வரும் எஸ்சி, எஸ்டி மாணவர் கட்டாயக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை என்பதற்காகவே 2012-ல் அரசாணை 92 வந்தது. ஆனால் “இப்போது கட்டுங்கள், ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தருகிறோம்” என்ற பேச்சு சேர்க்கை மேசைகளில் கேட்கத்தான் செய்கிறது. இலவம் பஞ்சு சீசன் முடிந்து கையில் இருந்த காசு கடனுக்குப் போயிருக்கும் வீட்டில், அந்த ஒரு வாக்கியம் போதும் பிள்ளையைத் திருப்பி அழைத்துப் போக. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018 அக்டோபரில் யுஜிசி தெளிவாகச் சொன்ன பிறகும் அந்த வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. அசல் கையில் இல்லாத மாணவருக்குப் பொறியியல் கலந்தாய்விலோ வேளாண் கலந்தாய்விலோ நல்ல இடம் கிடைத்தாலும் அவரால் நகர முடியாது.

“விதியைத் தளர்த்தினால் மோசடிக்கு இடம் கொடுத்ததாகாதா?” என்று நம்மில் சிலர் கேட்பார்கள். நேர்மையான கேள்வி. அதற்குப் பதிலும் க.விலக்கிலேயே இருக்கிறது. தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்த ஒரு மாணவருக்காக வேறொருவர் நீட் எழுதியது 2019 செப்டம்பரில் வெளியே வந்தது. சிபிசிஐடி விசாரணை நடந்தது; மாநிலத்தின் வேறு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்க்கைகள் சோதிக்கப்பட்டன. அந்த மாணவர் கொண்டுவந்த கோப்பில் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. புகைப்படத்தில் இருந்த முகமும் எதிரே நின்ற முகமும் ஒன்றா என்பதுதான் உரிய நேரத்தில் பார்க்கப்படவில்லை. வசதி உள்ளவர் எல்லாக் காகிதத்தையும் சரியாக வைத்திருப்பார். வசதி இல்லாதவரிடம்தான் ஒரு காகிதம் குறையும். ஆகவே காகிதத்தின் எண்ணிக்கையில் காட்டும் கண்டிப்பு ஏழையைத்தான் பிடிக்கும், மோசடிக்காரரைப் பிடிக்காது. கண்டிப்பு வேண்டும், ஆள் அடையாளத்திலும் மதிப்பெண்ணின் உண்மையிலும் அது இருக்க வேண்டும். மற்றவற்றில் அவகாசம் கொடுப்பதால் யாருக்கும் நட்டமில்லை.

இன்னொரு தடையை நாம் கவனிப்பதே இல்லை. பி.எஸ்சி. கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் பிளஸ் டூவில் கணிதம் வேண்டும். அதாவது அந்தப் படிப்புக்கான தகுதி, பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதில், எந்த குரூப் எடுப்பது என்று பள்ளியில் கேட்ட அன்றே முடிவாகிவிடுகிறது. எந்த குரூப் எந்தப் படிப்புக்கு வழி திறக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு அன்று சொல்ல ஆள் வேண்டும். கல்லூரியின் சேர்க்கை விதியைக் கல்லூரி ஆசிரியரை விடத் தெளிவாக விளக்கக் கூடியவர் யார்? தமிழில் நல்ல மதிப்பெண் எடுத்து மற்ற பாடங்களில் பின்தங்கிய மாணவருக்கும் இது பொருந்தும். தமிழ்த் துறைப் பட்டியலில் அவர் மேலே இருப்பார். விண்ணப்பத்தில் பி.ஏ. தமிழைக் குறிக்காமல் விட்டால் அந்த ரேங்க் அவருக்குப் பயன்படாது.

எனவே நம் கல்லூரிகள் அடுத்த சேர்க்கைக்குள் செய்ய வேண்டிய சிலவற்றை இந்த இதழ் முன்வைக்கிறது. சேர்க்கைக்குக் கேட்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் எதிரே, அதைக் கேட்கச் சொல்லும் அரசாணை அல்லது பல்கலைக்கழக விதியின் எண்ணை எழுதுங்கள். எண் கிடைக்காத ஆவணத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். விண்ணப்ப உதவி மையத்தைக் கல்லூரி வளாகத்தோடு நிறுத்தாமல், முடிவு வந்த முதல் வாரத்திலேயே கடமலைக்குண்டு, வருசநாடு போன்ற ஊர்களின் மேல்நிலைப் பள்ளிகளில் இரண்டு நாளாவது நடத்துங்கள். அங்கே மாணவரின் சொந்த எண்ணோடு பள்ளித் தலைமையாசிரியரின் எண்ணையும் வாங்கி வையுங்கள். கலந்தாய்வுக்கு வராதவரை அன்று மாலைக்குள் அழைத்துப் பேசுங்கள். வராத காரணத்தை ஒரு பதிவேட்டில் எழுதுங்கள். ஜூன் கடைசியில் துணைத்தேர்வு எழுதித் தேறி வருகிறவருக்குக் காலியிடம் இருந்தால், வகுப்பு தொடங்கிவிட்டது என்று சொல்லித் திருப்பாமல் இயக்ககத்தின் அனுமதி கேளுங்கள்.

இவற்றில் அந்தப் பதிவேடுதான் முக்கியம். சேர்ந்தவர்களின் பட்டியல் எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. ஆய்வுக்கும் நாக் குழுவுக்கும் அதையே காட்டுகிறோம். இடம் கிடைத்தும் சேராமல் போனவர் யார், எந்த ஊர், எந்தச் சான்றிதழ், எந்தக் கட்டணம், எந்தத் தேதி அவரை நிறுத்தியது என்ற கணக்கு நம்மிடம் இல்லை. அது இல்லாதவரை விதியை மாற்றச் சொல்லி அரசிடம் கேட்க நமக்குக் கையில் ஆதாரம் இல்லை. இரண்டு ஆண்டு அந்தக் கணக்கை நேர்மையாக எழுதினால், எந்த விதி சென்னையில் மாற வேண்டும், எது நம் அலுவலகத்திலேயே மாற வேண்டும் என்று தெளிவாகத் தெரியும். சேர்க்கைக் குழு கூடும் முதல் நாளிலேயே அந்தப் பதிவேட்டைத் திறந்து, அதற்கு ஓர் ஆசிரியரைப் பெயர் குறிப்பிட்டுப் பொறுப்பாக்குங்கள்.