உரை சிறிது, உரிமை பெரிதோ?

நூற்பாவில் பத்துப் பொருளைக் கூறிய ஆசிரியன் ஒருவன், அதன் உரையில் இரண்டனை மட்டும் விளக்கி அமைவானாயின், கற்றோர் அவனை ஏற்பரோ? ஏலார். எஞ்சிய எட்டனையும் அவனே அறிந்திலன் என்பர். காப்புரிமை ஆவணமும் இத்தகையதே. அதன் உரிமைக்கூற்று நூற்பா, விளக்கவுரையே உரை. தான் கண்டதை உலகம் கற்குமாறு ஒருவன் ஒளியாது உரைக்க, உலகம் அவனுக்குச் சில்லாண்டுத் தனியுரிமை ஈகின்றது. உரையாததற்கும் உரிமை கேட்டல் விலை கொடாமற் கொள்ளும் கொள்ளையன்றோ?

இக்கொள்ளை புதிதன்று. மின்காந்த ஆற்றலால் தொலைவில் எழுத்துப் பதிக்கும் எவ்வகை முறையும் தனதே என்றார் தொலைவரி கண்ட மோர்சு. அமெரிக்கத் தலைமை அறமன்றம் 1854-இல் அக்கூற்றைத் தள்ளியது. கரியாக்கிய தாளால் விளக்கிழை செய்த சாயரும் மேனும் நார்ப்பொருள் அனைத்தையும் வளைத்தனர். எடிசனோ 6000-க்கு மேற்பட்ட நிலைத்திணைப் பொருள்களை ஆய்ந்து, மூங்கில்களுள் சிலவே தக்கன எனக் கண்டார். 1895-இல் அவ்வளைப்பும் வீழ்ந்தது.

அண்மையில் நிகழ்ந்ததும் அதுவே. குருதிக் கொழுப்பைக் குறைக்கும் பிறபொருளெதிரிகள் 26-இன் அமைப்பை மட்டும் எழுதிக்காட்டிய ஆம்சென் நிறுவனம், அதே பணியாற்றும் அவ்வினம் முழுமையும் தனதென்று சனோபிமேல் வழக்காடியது. எஞ்சியவற்றை அடைய அது காட்டிய வழி யாது? செய்து பார், ஆய்ந்து பார் என்பதே! இது விளக்கமன்று, பிறர்க்கு இட்ட வேலை. 2023-இல் அறமன்றம் ஒருமனதாக மறுத்தது.

"முழுக்காட்டையும் கொடாவிடின் முதற்கண் வழிகண்டவன் ஏன் பொருள் செலவிடுவான்?" என்பர் சிலர். அவர்க்கு விடை அவ்வழக்கிலேயே உள்ளது. இரு நிறுவனங்களும் தத்தம் மருந்திற்கு 2011-இலேயே தனித்தனிக் காப்புரிமை பெற்றிருந்தன. அவற்றை எவரும் பறித்திலர். ஒவ்வொன்றையும் எண்ணி எழுதுக என்றும் எவரும் கேட்டிலர். அனைத்திற்கும் பொதுவான இயல்பொன்றைக் காட்டி, அளவான ஆய்வால் பிறர் செய்யுமாறு உரைப்பின் அது போதும். அதுவும் இயலாதவன் அவ்வினத்தைக் கண்டவன் அல்லன், வேலியிட வந்தவன். அவ்வேலிக்கு அப்பால் நிற்பவர் நாளை மேலான மருந்து காணக்கூடியவர். அவர்க்குப் பின்னே நிற்போர் நோயாளர்.

கண்டதைச் சொல்லுக, சொன்னதைக் கொள்ளுக. அதற்குமேல் ஒரு சாணும் அவனுடையதன்று!