அந்த நாற்காலியில் அன்று ஸல்மா சுல்தான்! இன்று யார்?

கடையை அடைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு டி.வி. முன் உட்காருகிறீர்கள். கோட்டு போட்ட ஒருவர் நம் சமுதாயத்தைக் கூண்டில் ஏற்றி, தானே வக்கீலாகி, தானே நீதிபதியாகித் தீர்ப்பும் சொல்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறீர்கள். மறுநாள் டீக்கடையில் திட்டித் தீர்க்கிறீர்கள். அதோடு கடமை முடிந்ததா?

1984 அக்டோபர் 31ஐ எண்ணிப் பாருங்கள். காலையில் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். பி.பி.சி. உலகுக்கே சொல்லிவிட்ட பிறகும் நம் அரசுத் தொலைக்காட்சி வாய் திறக்கவில்லை. மாலைக்குப் பிறகுதான் தூர்தர்ஷனில் மரணச் செய்தி வந்தது. அதை நாட்டுக்கு வாசித்தவர் ஸல்மா சுல்தான். ஒரு முஸ்லிம் பெண்! 1967 முதல் 1997 வரை முப்பது ஆண்டுகள் செய்தி வாசித்தவர். காதோரம் ரோஜாப்பூ வைத்த அந்த முகம் இந்தி புரியாத வீடுகளிலும் பழகிய முகம். (உடையைப் பற்றி வாதிட வரும் ஹஸ்ரத்மார்களே, அது வேறு பேச்சு, இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

அவர் யார் வீட்டுப் பிள்ளை? தந்தை முஹம்மது அஸ்கர் அன்ஸாரி ஓர் அறிஞர். சகோதரி மைமூனா சுல்தான் 1957லும் 1962லும் போபாலிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். ஸல்மா போபாலில் பட்டம் பெற்று, டெல்லி இந்திரபிரஸ்தா கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தார். பிற்காலத்தில் தொடர்களும் இயக்கினார்.

"அரசாங்கம் எழுதிக் கொடுத்ததை வாசித்தவர்தானே?" என்பீர்கள். ஆம், எழுதும் பேனா அவர் கையில் இல்லை. இன்று அந்தப் பேனாவும் வாசிப்பவர் கையிலேயே இருக்கிறது. ஆபத்தே அதுதான்!

2020 மார்ச்சில் தப்லீக் ஜமாஅத்தார் கொரோனாவைப் பரப்பினார்கள் என்று பல சேனல்கள் கூச்சலிட்டன. வடக்கே முஸ்லிம் காய்கறி வியாபாரிகளைத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். ஆகஸ்ட் 21ல் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டதையும் ஊடகப் பிரச்சாரத்தையும் கண்டித்தது. செப்டம்பர் 15ல் சுதர்ஷன் டி.வி.யின் 'யு.பி.எஸ்.சி. ஜிஹாத்' தொடருக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. முஸ்லிம் பிள்ளைகள் அரசுப் பணிக்குள் ஊடுருவுகிறார்களாம்! நீதி வந்தது. ஆனால் மார்ச்சில் பறந்த பொய்யை ஆகஸ்ட் தீர்ப்பு எட்டிப் பிடிக்குமா?

செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி இறைவன் கட்டளையிட்டதை மிம்பரில் ஓதுகிறோம். விசாரிப்பதையே தொழிலாகக் கொள்ள எத்தனை பிள்ளைகளை அனுப்பினோம்? நிருபர் வேலையில் இருக்கும் பையனுக்குப் பெண் கேட்டால், "நிலையான சம்பளம் உண்டா?" என்று மூக்கைச் சுளிக்கிறோம். பொறியியல் படித்து வளைகுடா போகிறவனுக்கு மட்டும் சிவப்புக் கம்பளம்!

ஸல்மா சுல்தானுக்குப் படித்த குடும்பம் பின்னால் இருந்தது. பாலக்கோடு மண்டியில் தக்காளிக் கூடை தூக்குபவரின் மகளுக்கு யார் இருக்கிறார்கள்? அவள் நன்றாகத் தமிழ் பேசுவாள், கேள்வியும் கேட்பாள். இதழியல் கல்லூரிக் கட்டணம் என்றதும் வீட்டில் கதவு அடைபடுகிறது. வியாபாரிகளே, கல்யாண மண்டப அலங்காரத்துக்கு ஒரே இரவில் கரைவதில் பாதி போதும்.

தர்மபுரி, பென்னாகரம், அரூர் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கல்லூரிச் சேர்க்கைக்கு ஊருக்கு ஒரு பிள்ளை. மூன்று ஆண்டுக் கட்டணம் ஜமாஅத் பொறுப்பு. வருகிற ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கலையாதீர்கள். பிள்ளையின் பெயரும் பொறுப்பேற்கும் கடைக்காரர் பெயரும் அங்கேயே எழுதப்படட்டும்.