சூரியத் துணி: சட்டைக்கா, கூரைக்கா?

கொடியில் காயப்போட்ட துணி மின்சாரமும் தரும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் தலைமுடியை விட மெல்லிய சூரிய மின்கலங்களைச் செய்து, உறுதியான துணி ஒன்றின் மேல் ஒட்டி, 2022 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஐந்நூறு தடவை சுருட்டி விரித்த பிறகும் அதன் சக்தி பத்தில் ஒரு பங்கு கூடக் குறையவில்லை. கண்கட்டு வித்தை அல்ல, மெய்தான். ஆனால், இந்தத் துணியை எதற்குத் தைப்பது என்பதில்தான் பலர் தடம் மாறிப் போகிறார்கள்.

சட்டைக்கு என்கிறார்கள். முதுகில் சூரியத் தகடு வைத்த கோட்டு 2014இல் அமெரிக்காவில் விற்பனைக்கே வந்தது. கணக்கைப் பாருங்கள். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் சக்தி சுமார் 1,000 வாட். வளையும் கலம் அதில் பத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குவதாக வைத்துக்கொண்டால், முதுகளவு துணியில் கிடைப்பது 15 வாட். அதுவும் சூரியனுக்கு நேரே முதுகைச் சாய்த்து அசையாமல் கிடந்தால்! காலையில் விரார் வண்டியில் நெருக்கியடித்து ஏறி, பகலெல்லாம் ஆபீசில் டியூப் லைட்டின் கீழ் இருந்து, இருட்டிய பின் வீடு திரும்பும் குமாஸ்தாவின் முதுகுக்கு வெயில் ஏது? வெயிலிலேயே நிற்கும் கட்டட வேலைக்காரருக்காவது பயன்படுமா என்றால், ஈரம் பட்டால் கலம் கெடும். எனவே, மேலும் கீழும் பிளாஸ்டிக் உறை வேண்டும். உறை போட்ட துணியில் வியர்வை ஆறாது. மகாலட்சுமி தோபிகாட் கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படகின் பாய்க்கு என்பது இதைவிட நியாயமான யோசனை. பிரான்சில் பாய் தைப்பவர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே மெல்லிய கலங்களைப் பாயில் பதித்துக் காட்டிவிட்டார்கள். ஆனால், பாய் செங்குத்தாக நிற்கிறது. காற்றுக்கு ஏற்பத் திரும்புகிறதே தவிர சூரியனுக்கு ஏற்பத் திரும்புவதில்லை. 20 சதுர மீட்டர் பாய் முழுவதும் கலம் பதித்தாலும் 1,000 வாட் கிடைப்பதே அரிது. விளக்குக்கும் வயர்லெசுக்கும் அது தாராளம். பத்துக் குதிரைசக்தி எஞ்சினுக்கோ ஏழாயிரத்துக்கு மேல் வேண்டும். கேரளத்தில் வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு 2017இல் விடப்பட்ட 75 பேர் செல்லும் சூரியப் படகு, தகடுகளைத் தட்டையான கூரை மேல்தான் பரப்பிக்கொண்டது.

கூரை என்றதும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வீட்டு மாடியில் சூரியத் தகடு போட 78,000 ரூபாய் வரை மானியம் தரும் மத்திய அரசுத் திட்டம் 2024இல் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால், சொந்த வீடும் தகடு தாங்கும் கூரையும் உள்ளவருக்கே அது. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் வாடகை அறையில் இருப்பவரிடம் மாடி ஏது? மழைக்காலத்தில் கூரை மேல் இழுத்துக் கட்டும் நீலத் தார்ப்பாய்தான் உண்டு. கண்ணாடித் தகட்டின் பாரத்தைத் தாங்காத அந்தக் கூரை, துணியின் பாரத்தைத் தாங்கும்.

தள்ளுவண்டியையே எடுத்துக்கொள்வோம். ஆறடிக்கு நாலடிப் பந்தல் சுமார் இரண்டேகால் சதுர மீட்டர். தூசி, மேகம் எல்லாவற்றுக்கும் பாதியைத் தள்ளினாலும் 100 வாட் நிற்கும். நாலு மணி நேர வெயிலை ஒரு பாட்டரியில் சேர்த்தால், 9 வாட் பல்பு இரண்டை ஐந்து மணி நேரம் எரித்து, சிறு விசிறியும் ஓட்டி, மீதியில் போனையும் சார்ஜ் செய்துகொள்ளலாம். பக்கத்துக் கடையில் ஒயர் இழுத்து அதற்குத் தினப்படி அழுவது மிச்சம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கணக்கு வெகுவாகக் குறையும் என்பதும் உண்மை.

ஆகவே, கோட்டு தைத்து வேடிக்கை காட்டுவதை விட்டு, ஆராய்ச்சிக்கூடங்கள் தார்ப்பாய் பக்கம் திரும்பட்டும். மாடி வீட்டுக்குத் தரும் மானியத்தில் ஒரு பங்கைப் பந்தல் துணிக்கும் அரசு ஒதுக்கலாம். அதற்கு முன் நூறு வண்டிகளுக்குக் கட்டி, இரண்டு மழைக்காலம் தாங்குகிறதா என்று மாநகராட்சி பார்க்கட்டும். நாளை இதை விற்க வருகிறவர்கள், சதுர மீட்டருக்கு எத்தனை வாட், எத்தனை வருஷம் உத்தரவாதம் என்பதைத் துணியின் ஓரத்திலேயே அச்சடித்துத் தர வேண்டும். தமிழிலும் மராத்தியிலும்.