நம்ம சிரிப்பும் வாக்ரிபோலியும்

தாம்பரம் ரயிலடியில் ஊசி, மணி, பாசி விற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். நம்மிடம் தமிழ், வடக்கேயிருந்து வந்தவரிடம் நாலு வார்த்தை இந்தி, மடியில் கிடக்கிற பிள்ளையிடம் வாக்ரிபோலி. குஜராத்தி, மராத்தியோடு உறவுள்ள தனி மொழி அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1970லேயே அதைப் பற்றிப் புத்தகம் வந்துவிட்டது. நமக்கு மட்டும் அது இன்னும் 'குருவிக்கார பாஷை'.

பள்ளிக்கூடத்தில் அந்தப் பேச்சை ஒருத்தன் நடித்துக் காட்டுவான், வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்தேன். அதே வகுப்பில்தான் 'இஸ்துகினு போனான் சார்' என்று சொன்ன என்னை, 'சேரி பாஷைய வெளிய வெச்சிட்டு வாடா' என்றார் வாத்தியார். அடிபட்டவனுக்கு அடுத்தவன் வலி தெரியும் என்பதெல்லாம் சும்மா, தோழர்களே.

இந்தி எதிர்ப்பில் சிறைக்குப் போய் 1939இல் முதலில் செத்த நடராசன் நம்ம ஆள். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் தமிழின் பேரால் என்ன நடக்கிறது? தமிழ்நாட்டில் இருளர்கள் 1,89,661 பேர் என்கிறது 2011 கணக்கெடுப்பு. தாய்மொழி இருளர் மொழி என்று பதிவானது நாடு முழுக்க 11,870 பேருக்குத்தான். அந்தக் கொஞ்சத்தையும் 'தமிழ்' என்ற தலைப்புக்குள் போட்டுக் கூட்டிவிட்டார்கள். இந்திக்குள் போஜ்புரியைச் சேர்த்து எண்ணுகிறான் என்று கத்துகிற நம்ம தமிழறிஞர்கள் இதற்கு வாயே திறப்பதில்லை. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசினால் அந்த மொழிக்குப் பட்டியலில் பேரே கிடையாது. 1971லிருந்து இதுதான் வழக்கம்.

நார்வேயில் சாமி மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தாய்மொழியை மறுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக நடந்த அந்த அநியாயத்துக்கு 2024இல் அந்த நாட்டு நாடாளுமன்றம் மன்னிப்புக் கேட்டது. இங்கே யாரும் சட்டம் போட்டுத் தடுக்கவில்லை. சிரிப்பே போதுமானதாக இருந்தது.

நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது 2023இல். அதுவரைக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று ஒரு சீட்டு. சான்றிதழ் வேணும், அதில் சண்டை இல்லை. 2024 பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் என்றார்கள். நல்லது. ஆனா சாகப்போற மனுசனைப் போட்டோ புடிச்சு வெக்கிறது வைத்தியமா? பிள்ளைகள் வீட்டில் பேசுகிற வரைக்கும் அந்த மொழிக்கு உயிர் இருக்கிறது. அங்கன்வாடியில், ஒண்ணாங் கிளாசில், அந்தப் பிள்ளை பேசுவதைப் புரிந்துகொள்கிற ஒரு அக்கா வேணும். அந்த அக்கா அவர்கள் குடியிருப்பிலிருந்தே வரணும். 2 கோடியில் முதல் செலவு அதுக்குத்தான்.

அரசைக் கேட்கிறது இருக்கட்டும். தலித் இலக்கியம், விளிம்புநிலை என்று இத்தனை வருசம் பேசிய நம்ம பத்திரிகைகளில், வாக்ரிபோலிக் கதை ஒன்றைத் தமிழ் எழுத்தில் அப்படியே அச்சடித்து, பக்கத்தில் தமிழில் அர்த்தமும் போட்டு எத்தனை தடவை வெளியிட்டிருக்கிறோம்? என் அலமாரியில் இருக்கிற பழைய இதழ்களை எல்லாம் புரட்டிவிட்டேன். ஒண்ணுகூட இல்லை.