வழியிற் சோறிட்டவர்கள்

"நாய்தானே, போனால் போகட்டும், வேறொன்றை வளர்த்துக் கொள்ளலாம்" என்று அயலார் எளிதாகக் கூறிவிடுவர். நாய் காணாமற் போன வீட்டில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்திருந்தவர் அவ்வாறு கூறார். வாயிற்கதவு ஓசைப்படும்போதெல்லாம் சிறுவர் எழுந்தோடுவதும், தட்டில் வைத்த சோறு காய்ந்து கிடப்பதும், பாட்டியார் புனித அந்தோனியாருக்கு நேர்ந்து கொள்வதும் நாம் அறிந்தனவே. தீபாவளிக்கும், புத்தாண்டு நள்ளிரவுக்கும், ஏன், நம் ஆலயத் திருவிழாக்களின் வாணவேடிக்கைக்கும் மறுநாள் இத்தகைய வீடுகள் ஊர்தோறும் சில உண்டு.

அத்தகைய வீட்டாரை எண்ணும்போதெல்லாம், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க நாட்டில் நிகழ்ந்த ஒன்று நம் நினைவுக்கு வருகிறது.

மேற்குக் கரையோர மாநிலமாகிய ஆரெகனில் சில்வர்ட்டன் என்னும் சிற்றூர் உளது. அங்கே உணவகம் நடத்திவந்த பிரேசியர் குடும்பத்தினர் 1923ஆம் ஆண்டு கோடையில் உறவினரைக் காணக் காரிற் புறப்பட்டனர். அவர்கள் சென்றது நாட்டின் மறுபாதியிலுள்ள இந்தியானா மாநிலத்து வால்காட் என்னும் ஊருக்கு. பாபி என்ற ஆண் நாயும் உடன் சென்றது. ஆடு மேய்க்கும் கோலி இனக் கலப்பு, வால் குட்டை, அதனாலேயே அப்பெயர். வால்காட்டில் பெட்ரோல் நிலையம் ஒன்றின் அருகே ஊர் நாய்கள் சில அதன்மேற் பாய்ந்தன. பாபி ஓட்டமெடுத்தது. அவ்வளவுதான், பிறகு அதனைக் காணவில்லை.

குடும்பத்தினர் தேடினர். செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தனர். பயன் விளையவில்லை. எத்தனை நாள்தான் பிழைப்பை விட்டுவிட்டுப் பிற ஊரில் தங்கியிருக்க இயலும்? நாய் அகப்பட்டால் புகைவண்டியில் ஏற்றி அனுப்புமாறு உறவினரிடம் சொல்லிவிட்டு, மனமில்லாமலே ஊர் திரும்பினர். அந்தத் திரும்பும் பயணத்தைத்தான் நம்மால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காரில் ஓர் இடம் வெறுமையாயிருக்க, ஒவ்வொரு மைலும் நாயைவிட்டு விலகிச் செல்லும் மைலன்றோ!

1924 பிப்ரவரி 15ஆம் நாள், அக்குடும்பத்தின் மகள் சில்வர்ட்டன் தெருவொன்றில் நடந்து கொண்டிருந்தாள். எதிரே எலும்புந் தோலுமாய், சடை விழுந்த மயிரோடு ஒரு நாய் நின்றது. நகங்கள் தேய்ந்து, உள்ளங்கால்கள் புண்ணாகியிருந்தன. அது பாபியேதான். கடந்து வந்த தொலைவு 2,551 மைல் என்று கணக்கிட்டனர். கிலோமீட்டரில் நாலாயிரத்தைத் தாண்டும். ஆறு திங்கள், அதுவும் உறைபனிக் காலத்தில், ராக்கி மலைத்தொடரையும் கடந்து!

இதுவரை கூறியது பலருக்கும் தெரிந்த கதை. நாய்களின் நன்றியறிதலுக்குச் சான்றாகவே எங்கும் இதனை எடுத்துரைப்பர். பாபிக்குப் பதக்கங்களும் பட்டைகளும் வந்து குவிந்தன. அதனைக் காட்சியில் வைத்தபோது ஆயிரக்கணக்கானோர் காண வந்தனர். 1927இல் அது மடிந்தபின், திரைப்படங்களால் புகழ்பெற்றிருந்த ரின்டின்டின் என்னும் நாயைக் கொண்டே அதன் கல்லறையில் மலர்வளையம் வைத்தனர். இவற்றில் நமக்கு அத்துணை நாட்டமில்லை. நம்மை ஈர்ப்பது வேறொன்று.

செய்தி நாடெங்கும் பரவியதும் ஆரெகனிலுள்ள விலங்கு நலச் சங்கத்தார் அதன் உண்மையை விசாரிக்க முற்பட்டனர். அப்போது வழியோர ஊர்களினின்று மடல்கள் வந்தன. "இத்தகைய குட்டை வால் நாய் எங்கள் வீட்டு வாயிலுக்கு வந்தது, உணவளித்தோம், சில நாள் தங்கிப் பின் சென்றுவிட்டது" என்பது போன்ற மடல்கள். புகழ் பெற்ற எதனோடும் தம்மை ஒட்டிக்கொள்ள விழைவோர் எந்நாட்டிலும் உண்டாதலால், எல்லா மடல்களையும் மெய்யென நாம் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் பழைய தழும்புகளையும் அடையாளங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, நாய் வந்த தடத்தை ஒருவாறு வரையறுக்க அவை உதவின. எடுத்த எடுப்பிலேயே அது மேற்கு நோக்கி வரவில்லை என்பதும் தெரிந்தது. தொடக்கத்தில் திசையறியாது சுற்றியலைந்திருக்கிறது.

அந்த மடல்களை எழுதியவர்கள் ஒருவரையொருவர் அறியார். தம் வாயிலில் நிற்கும் நாய் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது என்பதும் அவர்கட்குத் தெரியாது. ஒருவர் ஒரு வேளை உணவிட்டார்; ஒருவர் குளிருக்கு ஒதுங்க இடந்தந்தார். சிலர் அதனைத் தம்மோடு வைத்துக்கொள்ள விரும்பியதும் உண்டு. நல்ல நாயை யார்தான் விரும்பார்? ஆயினும் போக விரும்பியபோது போயிற்று.

இங்குதான் நம் வீட்டு வாயிலையும் சற்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. மெலிந்து அழுக்கேறிய நாயொன்று வேலியோரம் வந்து படுத்தால், நாம் கல்லை எடுக்கிறோம். அல்லது இரக்கமுள்ளவராயின், "பாவம், எவரோ விட்டுவிட்டுப் போய்விட்டனர்" என்று சொல்லி நாமே வைத்துக்கொள்கிறோம். வழிதவறிய நாய்க்குப் பத்தே நாளில் அத்தோற்றம் வந்துவிடும் என்பதையும், நாலு தெருவுக்கப்பால் யாரோ அதனைத் தேடிக் கொண்டிருக்கலாம் என்பதையும் நாம் எண்ணுவதில்லை. கழுத்தில் பட்டை தேய்ந்த தடம் இருக்கிறதா என்று பார்ப்பதும், பால்காரரையும் செய்தித்தாள் போடும் பையனையும் கேட்பதும் எத்தனை நேர வேலை? அவர்கள் அறியாத வாயில் உண்டா?

தேட முன்வரும் இளைஞருக்கும் ஒன்று கூறவேண்டும். நாய் கண்ணிற் பட்டதும் கூட்டமாய்ப் பெயர் சொல்லிக் கூவித் துரத்துவது வழக்கமாயிருக்கிறது. இதனைப் போல் தீங்கு பிறிதில்லை. அச்சங்கொண்ட நாய், வளர்த்தவர் குரலையே கேட்டாலும் ஓடக்கூடும். துரத்தினாலோ சாலையின் குறுக்கே பாய்ந்து வண்டியில் அடிபடும். கண்டவர் நின்ற இடத்திலேயே அமர்ந்துவிட வேண்டும். அதனை உற்றுப் பார்க்கலாகாது. உணவைத் தரையிலிட்டுப் பேசாதிருத்தல் நலம். மற்றொருவர் போய் வீட்டாரை அழைத்து வரட்டும். அதுவரை, கடைசியாகக் காணப்பட்ட இடத்தில் வீட்டார் உடுத்திய, துவைக்காத துணியொன்றையும் தண்ணீரையும் வைத்து, ஊர் அடங்கிய பின்னும் விடியற்காலையிலும் பார்த்திருப்பர் அனுபவசாலிகள். ஓடுவதைவிட உட்கார்ந்திருப்பது கடினம்தான். நம் பிள்ளைகளைப் பத்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்தவர்க்கு அது விளங்கும்.

பாபியின் தடத்திற்கே வருவோம். சில்வர்ட்டனுக்கு நாற்பது மைல் அளவில் போர்ட்லண்டு நகரம் இருக்கிறது. அங்கே அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த மாது ஒருவர், காலெல்லாம் புண்ணாகி வந்த பாபியை வீட்டினுள் ஏற்றுப் பேணினார் என்பர். இத்தனை மைல் நடந்து வந்த நாய் என்று அவருக்கு யார் சொல்லியிருக்கக் கூடும்? வீடு இன்னும் இரண்டொரு நாள் நடையில்தான் இருக்கிறது என்பதையும் அவர் அறிந்திருக்க முடியாது. அவர் கண்டது புண்பட்ட நான்கு கால்களை. அவற்றுக்கு மருந்திட்டார், உண்ணக் கொடுத்தார். நடக்க வலிமை வந்ததும் பாபி தெற்கு நோக்கிப் புறப்பட்டது.