லிவரைத் தள்ளினால் மலை வணங்குமாம்

போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் அக்கா மகன் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். ரசம் வருவதற்குள் புது வண்டிப் புராணம் தொடங்கிவிட்டது. "மாமா, நம்மது ஃபோர் பை ஃபோர். எங்க விட்டாலும் ஏறும், எங்க விட்டாலும் இறங்கும். வீட்டுக்கு வந்ததும் ஒரு வாட்டர் சர்வீஸ், முடிஞ்சது வேலை." எதிர்ப்பந்தியில் நாலு தலைகள் ஆமோதித்து ஆடின. எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

ஏறும், ஒப்புக்கொள்கிறேன். இறங்கும் என்று இவனுக்கு யார் சொன்னது? நாலு சக்கரமும் இழுத்தால் வண்டி சேற்றிலிருந்து கிளம்பும், சரளையில் ஏறும். நிறுத்துவதற்கு அந்த இழுவையைப் போடும் லிவர் ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாது. பிரேக் என்பது எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் பிடிக்கிறது. ஈரப் பாறையில் டயர் பிடிமானத்தை விட்டுவிட்டால் ஷோரூம் விலையைக் கேட்டு அது இரக்கப்படாது.

மலையூர்களில் ஓடும் ஆம்னி வேனை இவர்கள் யாரும் பார்த்ததில்லையா? 1984இல் மாருதி வேன் என்று வந்து, 2019 வரை விற்ற அதே தகர டப்பா. 796 சிசி எஞ்சின், நாலு கியர், 12 அங்குலச் சக்கரம், இழுவை பின்சக்கரங்களுக்கு மட்டும். சினிமாக்காரர்கள் ஆள் கடத்துவதற்கென்றே நேர்ந்துவிட்ட வண்டி. பிரசவத்துக்குத் துடிக்கும் பெண்ணையும் ரேஷன் அரிசியையும் பள்ளிப் பிள்ளைகளையும் கல்லும் குழியுமான தடத்தில் எத்தனையோ வருஷமாக ஏற்றி இறக்கியது அதுதான். எந்த லிவரைத் தள்ளி ஏறியதாம்?

கடம்பூர் மலைப் பக்கம் அப்படி ஒரு ஆம்னியில் போயிருக்கிறேன். ஓட்டுநர் அண்ணன் மோசமான இடம் வந்தால் முதலில் வண்டியை நிறுத்துவார். பிறகு இறங்கி நடந்து பார்ப்பார். எந்தக் கல்லில் எந்தச் சக்கரம் ஏற வேண்டும், அடியில் எது தட்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, "எல்லாரும் இறங்குங்க" என்பார். எங்களை இறக்கியதும் வண்டி அரை அங்குலமாவது நிமிரும். ஏறிய கியரிலேயே இறங்குவார், நியூட்ரல் பக்கம் கையே போகாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கிப் புகைய விடுகிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பிரேக் ஆயில் கொதித்து பெடல் தரையைத் தொட்ட பிறகு நாலு சக்கர இழுவையை வைத்து என்ன செய்வதாக உத்தேசம்?

"கொழுக்குமலை ஜீப்பெல்லாம் ஃபோர் பை ஃபோர்தானே" என்று உடனே ஒரு குரல் வரும். ஆமாம். அந்த ஜீப்பின் சாவியை அக்கா மகனிடம் கொடுத்துச் சூரியநெல்லியிலிருந்து விடியற்காலையில் ஏறச் சொல்லுங்கள், பார்ப்போம்.

தண்ணீர் விவகாரம் இன்னும் மோசம். கடம்பூரைத் தாண்டி மாக்கம்பாளையத்துக்குப் போகும் அரசுப் பேருந்து பல ஆண்டுகளாகக் குரும்பூர்ப் பள்ளத்தையும் சக்கரைப்பள்ளத்தையும் தண்ணீரில் இறங்கித்தான் கடந்தது. வெள்ளம் வந்தால் பேருந்து கரையில் நிற்கும், அவ்வளவுதான். நம் வீரர்களோ விளம்பரத்தில் பார்த்த மாதிரி இரண்டு பக்கமும் தண்ணீர் இறக்கை விரிக்கப் பாய்வார்கள். எஞ்சின் ஒரு வாய் தண்ணீரை உறிஞ்சினால் போதும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும். ஆம்னி அண்ணன் அந்தப் பள்ளத்தில் வேட்டியை மடித்துக் கட்டி நடந்து ஆழம் பார்ப்பார். முழங்காலைத் தாண்டினால் டீக்கடைக்குத் திரும்பிவிடுவார். இதில் அவருக்கு எந்த வெட்கமும் கிடையாது.

இனி அந்த வாட்டர் சர்வீஸ். காட்டுத்தடத்திலிருந்து வந்ததும் வண்டியைக் கழுவுவது போல முட்டாள்தனம் வேறில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுக் கழுவ வேண்டும். அச்சின் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் ஆயில் கசிந்திருந்தால் அந்த இடத்துத் தூசி மட்டும் ஈரமாகக் கறுத்திருக்கும். பிரஷர் பம்ப்பை அடித்தால் சாட்சியும் சேர்ந்து ஓடிவிடும். சூடாக இருந்த ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் விட்ட காப்பி நிறத்துக்கு வந்துவிட்டால் உடனே மாற்ற வேண்டும். வெளியே வண்டி பளபளவென்று நிற்கும்போது இதை யார் திறந்து பார்க்கிறார்கள்?

ஆம்னி அண்ணன் ஊர் வந்ததும் ஒரு கோணிச்சாக்கை விரித்து அடியில் படுத்துவிடுவார். பட்டையைப் பிடித்திருக்கும் யூ போல்ட்டை ஸ்பேனரால் தட்டிக் கேட்பார். பிரேக் ஹோஸில் கல் உரசிய தடம் உண்டா, சைலன்சரில் காய்ந்த புல் சிக்கியிருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் புல் சூட்டில் பற்றிக்கொண்டால் வண்டியே போய்விடும். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் காட்டுவார். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியாக ஏர் ஃபில்டரைத் தட்டிப் புழுதியை உதறுவார். இத்தனைக்கும் அந்த வண்டியின் மொத்த விலை அக்கா மகன் வண்டியின் அலாய் வீலுக்கு வராது!

அவனோ தார் ரோட்டிலும் லிவரை ஃபோர் ஹெச்சிலேயே வைத்து ஓட்டுகிறான், கெத்துக்காம். அவன் வண்டியில் இருக்கும் இழுவை காய்ந்த தாரில் போடக் கூடாதது. வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும், பூட்டிவைத்தால் டயரைத் தின்றுவிட்டுக் கியர்பாக்ஸுக்கு வரும். குதிரைமொழித் தேரியில் மணலில் புதைந்தபோதும் டயரில் 30 பிஎஸ்ஐ இருந்த காற்றை 20க்கு இறக்கத் தோன்றவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்து அச்சு வரை இறக்கியிருக்கிறான். டிராக்டர்காரர் வந்து கயிறு போட்டு இழுத்தார். அந்த டிராக்டருக்கும் பின்சக்கர இழுவைதான்.

இவர்களுக்குச் சாலை இருக்கும் இடத்தில் ஓட்டினால் கௌரவக் குறைச்சல். மன்னவனூர்ப் புல்வெளியில் சக்கரத்தை ஏற்றி ரீல்ஸ் எடுக்க வேண்டும், பிறகு ஓடையில் வண்டியை இறக்கி ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். அந்த ஓடையில்தான் கீழே யாரோ குடம் வைத்திருக்கிறார்கள். முன்னால் இரும்புக் கம்பி மாட்டக் கூடாதென்று 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. மாட்டாத வண்டியைக் காட்டுங்கள்.

அரசாங்கம் மட்டும் என்ன வாழ்கிறது? டயர் காற்றைக் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் கிட்டும் இருந்தால் சின்ன வண்டிகளுக்கு ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020இல் விதியைத் திருத்திவிட்டார்கள். கூர்ப்பாறை டயரின் பக்கச்சுவரைக் கிழித்தால் எந்தக் கிட்டும் ஒட்டாது. பந்தியில் தலையாட்டிய நாலு பேரும் வீட்டுக்குப் போனதும் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அதில் காற்று இருக்கிறதா என்றும்.