ஓசி உலாவிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

வலைப்பக்கம் வடிவமைக்கிற ஆட்களிடம் போய் 'ஐஇ6' என்று சும்மா சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் சீனியர் என்றால் முகம் சுண்டிவிடும். 2001 ஆகஸ்டில் வெளிவந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 செய்த கூத்துகள் அப்படி. இடது பக்கம் மிதக்கவிட்ட பெட்டிக்கு இடப்புறம் 10 பிக்ஸல் மார்ஜின் கேட்டால் 20 கொடுக்கும். அதற்கு மருந்து, சம்பந்தமே இல்லாத 'டிஸ்ப்ளே: இன்லைன்' என்று ஒரு வரி. பேய் ஓட்ட வேப்பிலை அடிப்பது மாதிரிதான். பின்னணி ஊடுருவித் தெரியவேண்டிய பிஎன்ஜி படத்தைப் போட்டால் அந்த இடத்தில் சாம்பல் பூசிக் காட்டும்.

இதையெல்லாம் வைத்து, அந்த உலாவியைச் செய்தவர்களுக்கு வேலை தெரியாது என்று ஒரு பேச்சு இன்றும் ஓடுகிறது. அது தப்பு. 1999-ல் வந்த ஐஇ5-தான் 'எக்ஸ்எம்எல்எச்டிடிபிரிக்வஸ்ட்' என்ற வசதியை முதலில் கொடுத்தது. பக்கத்தை மறுபடி ஏற்றாமலே சர்வரிடம் தகவல் வாங்கிவரும் வித்தை. 2004-ல் ஜிமெயில் வந்தபோது ஊரே வாய் பிளந்ததே, அதற்கு அஸ்திவாரம் இதுதான்.

பெட்டிக் கணக்கு இன்னும் வேடிக்கை. ஒரு பெட்டிக்கு அகலம் 300, உள்ளே இரண்டு பக்கமும் 20 பேடிங், 5 பார்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஎஸ்எஸ் விதிப்படி 300 என்பது உள்ளே இருக்கும் சரக்குக்கு மட்டும்; மொத்தம் 350 ஆகும். ஐஇ5 மொத்தமே 300 என்று எடுத்துக்கொண்டது. விதியை மீறியது என்பதால் அது வழு. இதற்காக நிரலர்கள் எழுதிய குறுக்குவழிகள் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் யோசித்துப் பாருங்கள், மாம்பழப் பெட்டி என்ன அகலம் என்று கேட்டால் யாராவது உள்ளே இருக்கும் மாம்பழத்தை அளந்து சொல்வார்களா? பிற்பாடு சிஎஸ்எஸ்ஸே 'பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்' என்று ஒரு வசதி கொண்டுவந்தது. இன்று பாதிப் பேர் ஸ்டைல்ஷீட்டில் முதல் வரியாக அதைத்தான் எழுதுகிறார்கள். அதாவது, அன்றைக்கு வழு என்று திட்டிய அதே கணக்கை!

ஆக, ஐஇ6-ன் வியாதி திறமைக் குறைவு அல்ல. அதைக் கண்டுபிடிக்க நிரலைப் பார்ப்பதைவிட வரவு செலவுக் கணக்கைப் பார்ப்பது நல்லது.

1990-களின் நடுவில் நெட்ஸ்கேப் தன் உலாவியைக் கம்பெனிகளுக்கு விலைக்கு விற்றுக்கொண்டிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன்னுடையதை விண்டோஸோடு சேர்த்து ஓசியில் கொடுத்தது. 1998 ஜனவரியில் நெட்ஸ்கேப்பும் விலையைப் பூஜ்யமாக்க வேண்டியதாயிற்று. அதோடு உலாவி என்ற சரக்குக்கு விலை என்ற ஒன்றே இல்லாமல் போனது. விலை இல்லாத சரக்கை ஒருவர் ஏன் செய்யவேண்டும்? வேறு எதையோ காப்பாற்றத்தான். மைக்ரோசாஃப்டுக்கு அது விண்டோஸ். எதிரி செத்த பிறகு கோட்டைக்குச் சுண்ணாம்பு அடிக்க யார் செலவு செய்வார்கள்? ஐஇ7 வர 2006 அக்டோபர் ஆகிவிட்டது. நடுவில் ஐந்து வருடம்! அதுவும் எதனால் வந்தது? 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்து ஆட்களை இழுக்க ஆரம்பித்ததால்.

தமிழுக்கு இதில் நேரடி அனுபவம் உண்டு. யூனிகோட் பரவுவதற்கு முன் பல தமிழ்த் தளங்கள் 'இஓடி' என்ற இயங்கு எழுத்துருவை நம்பியிருந்தன. அது ஐஇ-யில் மட்டும் வேலை செய்யும்; வேறு உலாவியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த அலங்கோலம்தான். எழுத்துருவை அனுப்ப எல்லா உலாவிக்கும் பொதுவான 'வோஃப்' வடிவம் டபிள்யூ3சி-யின் பரிந்துரையாக 2012-ல்தான் ஆனது. அதற்காக எதிர்முகாம் ஒழுங்கு என்று நினைக்கவேண்டாம். ஃபயர்பாக்ஸ் 2-ல் பத்தியை 'ஜஸ்டிஃபை' செய்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று தமிழ் பிய்ந்து தொங்கும். "தயவுசெய்து ஜஸ்டிஃபையை எடுத்துவிடுங்கள், நெருப்பு நரியில் படிக்க முடியவில்லை" என்ற கெஞ்சலைப் பார்க்காத தமிழ்ப் பதிவர் அன்று குறைவு. 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்துதான் விமோசனம்.

கவனிக்கவேண்டியது என்னவென்றால், ஐஇ-யில் ஒழுங்காகத் தெரிந்ததால்தான் அது ஃபயர்பாக்ஸின் வழு என்று பளிச்சென்று தெரிந்தது. ஒரே ஒரு உலாவி இருந்திருந்தால் 'கணினியில் தமிழ் அப்படித்தான்' என்று பழகிப்போயிருப்பார்கள்.

தரநிலை என்பதன் சூட்சுமமும் இதேதான். ஒரு புதிய வசதி விதியாகப் பரிந்துரைக்கப்படும் முன், தனித்தனியாக எழுதப்பட்ட இரண்டு எஞ்சின்களிலாவது அது ஒரே மாதிரி வேலை செய்யவேண்டும் என்று டபிள்யூ3சி எதிர்பார்க்கும். 'வெப் எஸ்க்யூஎல்' என்று ஒரு திட்டம் இருந்தது, உலாவிக்குள்ளேயே தரவுத்தளம். செய்த எல்லோரும் 'எஸ்க்யூலைட்' என்ற ஒரே நிரலை உள்ளே வைத்துச் செய்திருந்தார்கள். தனித்தனிப் படைப்பு இல்லை என்று 2010 நவம்பரில் அதை நிறுத்தினார்கள். ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வசதிதான். ஆனாலும் ஒரு நிரல் எப்படி நடக்கிறதோ அதுவே விதி என்றால், அந்த நிரலின் வழுவும் விதிதானே!

இந்த இடத்தில்தான் இன்றைய கணக்கு பயமுறுத்துகிறது. ஒபரா 2013-ல் சொந்த எஞ்சினைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே 2020 ஜனவரியில் எட்ஜ் உலாவியைக் கூகுளின் குரோமியத்துக்கு மாற்றிவிட்டது. பெரிய எஞ்சின் என்று மிச்சம் மூன்று: கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொஸில்லாவின் கெக்கோ. வெப்கிட் தெம்பாக இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், ஐஃபோனில் வேறு எஞ்சினை விடமாட்டேன் என்று ஆப்பிள் அடம்பிடித்ததுதான் (ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024-ல் சட்டத்துக்குப் பணிந்து வழிவிட்டது). கெக்கோ கதை இதைவிடப் பரிதாபம். மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு, தேடுபொறியாகக் கூகுளை முன்னிருத்துவதற்காகக் கூகுளே தரும் பணம். போட்டிக் கடைக்கு வாடகை கட்டுவதே எதிர்க்கடை முதலாளி!

தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். இப்படி முன்னிருத்தும் இடத்துக்காகக் கூகுள் எல்லோருக்கும் சேர்த்து 2021-ல் மட்டும் கொடுத்தது 26.3 பில்லியன் டாலர் என்பது அந்த வழக்கில் வெளிவந்த கணக்கு. அந்தப் பணத்தையே நிறுத்தவேண்டும் என்று அரசுத் தரப்பு கேட்டபோது, நிறுத்தினால் செத்தோம் என்கிற ரீதியில் அலறியது மொஸில்லா. 2025 செப்டம்பரில் குரோமை விற்கவேண்டாம், பணமும் கொடுக்கலாம், ஆனால் பிரத்தியேக ஒப்பந்தம் போடக்கூடாது என்று முடித்தார் நீதிபதி.

குரோம் ஒன்றும் ஐஇ6 இல்லை. சில வாரங்களுக்கு ஒரு பதிப்பு வருகிறது, நிரலின் பெரும்பகுதி திறந்தே கிடக்கிறது. தூங்குகிறது என்று யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திசையில் ஓடுகிறது என்று கேட்கலாம். நீட்சிகளுக்கான புதிய விதிகள் என்று சொல்லி 2024, 2025-ல் குரோமில் 'யூபிளாக் ஆரிஜின்' என்ற விளம்பரத் தடுப்பானின் கதை முடிக்கப்பட்டது. பாதுகாப்புக்காக என்பது கூகுளின் விளக்கம். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் விளம்பரத்தில் சம்பாதிக்கிற கம்பெனி, விளம்பரத் தடுப்பான் எவ்வளவு தடுக்கலாம் என்று விதி எழுதுகிறது. அதே நீட்சி ஃபயர்பாக்ஸில் இன்னும் முழு பலத்தோடு ஓடுகிறது என்பதால்தான் குரோமில் போனது என்னவென்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது முடிகிறது.

இவ்வளவும் தெரிந்தும், குரோமில் மட்டும் சோதித்துவிட்டு 'முடிந்தது' என்று கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிற நிரலர்கள்தான் அதிகம். ஃபயர்பாக்ஸில் ஒரு பத்து நிமிடம் திறந்து பார்க்கச் சோம்பல். 'குரோமில் திறக்கவும்' என்று பலகை மாட்டுவது அதைவிட சுலபம்.

அந்தக் காலத்தில் நெட்ஸ்கேப்புக்கு மட்டும் நல்ல பக்கத்தைக் கொடுத்து மற்றவர்களைத் திண்ணையோடு அனுப்பிய தளங்கள் இருந்தன. உள்ளே நுழைவதற்காக ஐஇ தன்னையும் நெட்ஸ்கேப்பின் சங்கேதப் பெயரான 'மொஸில்லா' என்றே சொல்லிக்கொண்டது. பின்னால் வந்தவர்களும் அப்படியே. இன்றும் குரோம் எந்தத் தளத்தின் கதவைத் தட்டினாலும் தன் பெயராக முதலில் சொல்வது 'மொஸில்லா/5.0'.